பாதுகாப்பு யாருக்கு? நகர வாழ்க்கையைப் பற்றி நாடகம் போட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வீடு திரும்பும் பெண்ணின் பயம், தோல் நிறத்தைப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சக பயணி, பூட்டிய வீட்டுக்குள் நடக்கும் அடி உதை. இதையெல்லாம் வைத்து, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மக்கள் நாடகம் போட முடியுமா? முடியும். இப்படிப்பட்ட பட்டறைகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றை அவ்வளவு சுருக்கமாக முடிக்க மனம் வரவில்லை.

சமூக நாடகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு பகுதியில் வாழ்பவர்கள், அல்லது ஒரே மாதிரியான அனுபவம் உள்ளவர்கள், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நாடகமாக்கித் தங்களைப் போன்றவர்கள் முன்னால் நடிப்பது. எழுத்தாளர் எழுதிக் கொடுத்த பிரதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேடை, விளக்கு, திரை எதுவும் கட்டாயமில்லை. கதை யாருடையதோ அவர்கள் கையிலேயே நாடகமும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

கூட்டம் போட்டுப் பேசலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். நாடகம் எதற்கு?

பேருந்தில் ஒருவன் உரசும்போது என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். துண்டறிக்கையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்த நொடியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, கால் நகர மறுக்கிறது. தெரிந்ததைச் செய்ய விடாமல் தடுப்பது உடம்பு. உடம்புக்குப் பாடம் சொல்ல வேண்டுமென்றால் உடம்பைத்தான் பழக்க வேண்டும். நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, இல்லையா? பட்டறையில் ஒரு பெண் "கையை எடு" என்று சொல்ல முயன்றார். முதல் முறை குரலே வரவில்லை. ஏழாவது முறைதான் அறையின் மறுமுனையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அந்த ஆறு தோல்விகளையும் ஆபத்தில்லாத ஓர் அறையில் பார்த்து முடித்துவிட்டார் அவர். நாடகம் கொடுப்பது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அதே காட்சியை முன்பின் தெரியாத ஒருவர் நடிக்கும்போது நிமிர்ந்து உட்காருவார். அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் ஏன் நாடகம் என்ற கேள்வி உங்களுக்கு வராது.

ஃபோரம் தியேட்டர் என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற பெரிய முறையின் ஒரு பகுதி இது. முதலில் பத்துப் பதினைந்து நிமிட நாடகம் ஒன்றை முழுதாக நடித்துக் காட்டுவோம். அது மோசமாகவே முடியும். பாதிக்கப்பட்டவர் தோற்றுப்போவார். பிறகு அதே நாடகத்தை மறுபடி தொடங்குவோம். இந்த முறை பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, பாத்திரத்தின் இடத்தில் தானே நின்று, வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வாழ்க்கையில் எதிராளி எப்படித் திருப்பி அடிப்பானோ அப்படியே அடிப்பார்கள்.

நடுவில் நின்று இதை நடத்துபவருக்கு ஜோக்கர் என்று பெயர். சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத அந்தச் சீட்டிலிருந்து வந்த பெயர் அது. கூத்தின் கட்டியங்காரனை நினைத்துக்கொண்டால் நமக்கு எளிதாகப் புரியும்: கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வருபவர், ஆட்டக்காரர்களையும் கூட்டத்தையும் பேச வைப்பவர். கட்டியங்காரன் கருத்துச் சொல்லலாம், ஜோக்கர் சொல்லக் கூடாது. கேள்வி மட்டுமே கேட்க வேண்டும்.

இந்த முறை பிறந்த கதை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. 1973-ல் பெரு நாட்டில் ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் போவால் வேலை செய்துகொண்டிருந்தார். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவர் கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, முக்கியமான ஆவணங்கள், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறான். யாரையோ படித்துக் காட்டச் சொன்னபோதுதான் அவை அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள் என்று தெரிந்தது. அன்றிரவு அவன் வீடு திரும்பும்போது அவள் என்ன செய்ய வேண்டும்? பார்வையாளர்கள் யோசனை சொன்னார்கள், நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் திருப்தியே இல்லை. அவனோடு 'தெளிவாகப் பேச வேண்டும்' என்றார். நடிகை எத்தனை விதமாகப் பேசிக் காட்டினாலும் 'இது இல்லை' என்றார். கடைசியில் போவால், நீங்களே வந்து செய்யுங்கள் என்று அழைத்தார். அவர் மேடையேறி, துடைப்பத்தை எடுத்து, கணவனாக நடித்தவரை விளாசித் தீர்த்துவிட்டார். அவர் சொன்ன 'தெளிவான பேச்சு' அதுதான்! பார்வையாளர் சொல்வதை நடிகர் நடிப்பது போதாது, பார்வையாளரே செய்ய வேண்டும் என்று போவால் அங்கே கற்றுக்கொண்டார்.

மேடையேறுபவர் பாதிக்கப்பட்டவரின் இடத்தைத்தான் எடுக்க வேண்டுமா?

பழைய விதி அப்படித்தான் சொல்கிறது. ஒடுக்கப்பட்டவரைத்தான் மாற்றலாம், ஒடுக்குபவரை மாற்றக் கூடாது. கொடுமைக்காரன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் அது மாயாஜாலம். வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

பாலின வன்முறையைப் பற்றிய நாடகத்தில் இந்த விதியை அப்படியே பின்பற்றினால் ஒரு பெரிய தவறு நேர்கிறது. பார்வையாளர் ஒவ்வொருவரும் வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று, ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், தற்காப்புக்கலை காட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டம் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்? அவள் கத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். அதாவது, நடந்ததற்குக் காரணம் அவள் கத்தாதது. ஏற்கெனவே ஊரே சொல்லும் அதே பழியை நாமும் நாடகம் போட்டுச் சொல்லிவிட்டோம். என்னுடைய முதல் நாடகத்தில் இது நடந்தது. முடிந்ததும் தாக்குதலுக்கு ஆளான ஒரு பெண் என்னிடம் வந்து, "நான் கத்தவில்லை, அதனால் என் மேல்தான் தப்பு, அப்படித்தானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாடகத்தின் மையத்தையே மாற்றிவிட்டோம். மாற்ற வேண்டிய பாத்திரம் சுற்றி இருப்பவர்தான்: பேருந்தில் எதிர் இருக்கையில் இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், மேலாளரின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவைக்கும் சக ஊழியர், "வெளியே சொல்லாதே" என்று அறிவுரை தரும் உறவினர். அவர்களுக்கும் பயம் உண்டு, இழக்க ஏதோ உண்டு, ஆனாலும் நகர இடம் இருக்கிறது. பெரும்பாலான பார்வையாளர்கள் வாழ்க்கையில் நிற்கப்போவதும் அந்த இடத்தில்தான்.

போவாலின் இன்னொரு அனுபவமும் இங்கே பொருந்தும். பிரேசிலின் வடகிழக்கில் அவருடைய குழு, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று விவசாயிகள் முன்னால் ஆவேசமாக நடித்தது. முடிந்ததும் விர்ஜீலியோ என்ற விவசாயி வந்து, நாங்கள் தயார், உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், சேர்ந்தே போவோம் என்றார். துப்பாக்கிகள் மரத்தாலானவை. நடிகர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். நாம் எடுக்கத் துணியாத ஆபத்தை எடு என்று இன்னொருவருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 'எதிர்த்து நில்' என்று பெண்களுக்குப் பாடம் நடத்தும் ஒவ்வொரு நாடகக்குழுவும் விர்ஜீலியோவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனவெறி ஒரு பிரச்சினை, பெண்கள் மீதான வன்முறை இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே நாடகத்தில் ஏன் போட்டுக் குழப்புகிறீர்கள்?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு வழக்கு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் பாகுபாட்டு வழக்குப் போட்டார்கள். 1976-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. கறுப்பினத்தவரையும் வைத்திருக்கிறது, ஆகவே நிறத்தாலும் பாகுபாடு இல்லை. ஆனால் நிறுவனம் வேலைக்கு வைத்திருந்த பெண்கள் வெள்ளையர், வைத்திருந்த கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டுமாக ஒரே உடலில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான், ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டும் சந்திப்பு என்ற கருத்தை முன்வைத்தார். நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தச் சாலையிலிருந்தும் வண்டி வந்து மோதலாம், இரண்டிலிருந்தும் ஒரே நேரத்திலும் மோதலாம்.

இப்போது நகரத்துக்கு வருவோம். 2020 மே 25 காலை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்க்க வந்த கறுப்பின ஆண் ஒருவர், நாயைக் கட்டிப் பிடியுங்கள், இங்கே அதுதான் விதி என்று ஒரு வெள்ளைப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் காவல்துறையை அழைத்து, ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். அந்த அழைப்பு காணொளியில் பதிவாகியிருந்தது. அந்த ஆண் மிரட்டவில்லை. தனியாக இருக்கும் பெண்ணின் பயம் என்ற, மற்ற இடங்களில் நூற்றுக்கு நூறு உண்மையான ஒன்று, அங்கே ஆயுதமாகிவிட்டது. அந்த ஆயுதம் எவ்வளவு கொடியது என்பதற்கு அன்று மாலையே மினியாபோலிஸ் நகரில் பதில் கிடைத்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின் மீது ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் லண்டனில் இரவு வீட்டுக்கு நடந்துபோன ஒரு பெண்ணை, காவல்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்த ஒருவர், தன் அடையாள அட்டையைக் காட்டிக் கைது செய்வதுபோல் நடித்துக் கடத்திக் கொன்றார்.

இந்தச் சம்பவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை வைத்து எல்லோருக்குமான நாடகம் எழுத முடியுமா? தெருவில் விளக்கு வேண்டும், கேமரா வேண்டும், ரோந்து வேண்டும் என்று ஒரு பெண் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே ரோந்து நிறுத்திச் சோதனை போடுவது தன் மகனைத்தான் என்று இன்னொரு பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டாவது பெண் வீட்டில் அடி வாங்கும்போது தொலைபேசியை எடுக்கத் தயங்குகிறார். வருபவர்கள் கணவனைக் கொன்றுவிடுவார்களோ, தன் விசாவைக் கேட்பார்களோ, பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோவார்களோ என்ற பயம். தன் சமூகத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு வேறு. இனவெறியைப் பற்றி மட்டும் பேசும் நாடகத்தில் அவருடைய வீட்டுக்குள் நடப்பது வராது. பாலின வன்முறையைப் பற்றி மட்டும் பேசினால் அவர் ஏன் உதவி கேட்கவில்லை என்பது புரியாது. அவரை முழுதாகக் காட்ட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மேடையில் இருந்தாக வேண்டும்.

பார்வையாளர் வந்து, "போலீஸைக் கூப்பிடுவேன்" என்று சொன்னால்?

அநேகமாக எல்லா நிகழ்ச்சியிலும் யாராவது சொல்வார்கள். மறுக்காதீர்கள். "சரி, கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த காட்சியை நடியுங்கள். வருகிறவர் யார், முதலில் யாரிடம் பேசுகிறார், யாருடைய பேச்சை நம்புகிறார், அவர் திரும்பிப் போன பிறகு அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கிறது? சில நேரம் காவல்துறை வந்தது உயிரைக் காப்பாற்றும். அதையும் நேர்மையாகக் காட்ட வேண்டும். பிறகு அதே காட்சியை, பாத்திரங்களின் நிறத்தையோ மொழியையோ குடியுரிமையையோ மாற்றி மறுபடி நடியுங்கள். கூட்டம் தானாகவே பேசத் தொடங்கும். நான் பார்த்ததிலேயே சூடான, பயனுள்ள விவாதங்கள் இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

நகரத்தில் யாரும் யாருக்கும் உதவ மாட்டார்கள். வேடிக்கை பார்ப்பவர்களை மாற்ற முடியுமா?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய செய்தி இருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலை செய்யப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் ஏறிய கதை. அது மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்பாடு தெரிந்தது. முழுத் தாக்குதலையும் பார்த்தவர்கள் அத்தனை பேர் இல்லை, ஒருவர் சன்னலிலிருந்து கத்தித் தாக்கியவனைத் துரத்தினார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து சாகும் தறுவாயில் இருந்தவரை மடியில் ஏந்திக்கொண்டார்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் இருந்த 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் அதிகமாக இருந்தபோது உதவி கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இந்தச் செய்தியைப் பட்டறையின் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். யாரும் உதவ மாட்டார்கள் என்று நம்புகிறவர் தானும் உதவ மாட்டார்.

தலையிடுவது என்றால் சண்டைக்குப் போவது என்று அர்த்தமில்லை. தெருத் தொல்லைக்கு எதிராக வேலை செய்பவர்கள் ஐந்து வழிகளைக் கற்றுத்தருகிறார்கள். நேரம் கேட்பது, வழி கேட்பது, பழைய தோழி போல வந்து பேசுவது என்று கவனத்தைத் திருப்பலாம். ஓட்டுநர், கடைக்காரர் என்று வேறு ஒருவரைத் துணைக்குக் கூப்பிடலாம். நடப்பதைப் பதிவு செய்து, பதிவைப் பாதிக்கப்பட்டவரிடமே கொடுத்துவிடலாம். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் போய், நான் பார்த்தேன், கூட வரட்டுமா என்று கேட்கலாம். நிலைமை அனுமதித்தால் நேரடியாகவே நிறுத்தச் சொல்லலாம். இவற்றை வாயால் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நடித்துப் பழக இரண்டு முழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். 'பழைய தோழி போல' பேசுவது கேட்க எளிதாக இருக்கிறது. முதல் முயற்சியில் எல்லோரும் உளறுவார்கள்.

உண்மைக் கதைகளை எப்படிச் சேகரிப்பது?

"உங்களுக்கு நடந்த வன்முறையைச் சொல்லுங்கள்" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். இடங்களிலிருந்து தொடங்குங்கள். 1989-ல் டொரண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு பெண்கள் குழுவாக நடந்துபோய்த் தங்கள் பகுதியைத் தாங்களே மதிப்பிடும் ஒரு முறையைத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நாங்களும் இருட்டிய பிறகு ஒன்றாக நடப்போம். எங்கே உடம்பு இறுகுகிறது, எங்கே நடை வேகமாகிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறோம்? குழுவில் ஆண்களும் பெண்களும் திருநங்கைகளும் வேறு வேறு இனத்தவரும் இருந்தால், ஒரே முனையில் ஒருவர் இறுகும்போது இன்னொருவர் தளர்வதைக் காணலாம். ஒரு முறை, காவல் வாகனம் நின்றிருந்த இடத்தில் குழுவில் பாதிப்பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், பாதிப்பேர் சந்தேகம் வரக் கூடாதென்று கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தார்கள். அது அப்படியே நாடகத்தின் முதல் காட்சியானது, வசனமே இல்லாமல்.

கதை சொல்ல முன்வருபவரிடம் மூன்று முறை சம்மதம் கேளுங்கள்: சொல்லும்போது, பிரதியாக்கியபோது, முதல் ஒத்திகையைப் பார்த்த பிறகு. எந்தக் கட்டத்திலும், மேடையேற்றத்துக்கு முதல் நாள்கூட, அவர் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் நாடகமே நின்றுபோனாலும் பரவாயில்லை. பெயரை மாற்றுவது போதாது. இரண்டு மூன்று பேரின் கதைகளைக் கலந்து, வேலை, தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அடித்தவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கதை சொன்னவரையே அந்தப் பாத்திரத்தில் நடிக்க வைக்க வேண்டாம். அவர் வெளியே உட்கார்ந்து பார்ப்பதில்தான் ஆறுதல் இருக்கிறது. 1975-ல் ஜொனாதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் இருவரும் தொடங்கிய பிளேபேக் தியேட்டர் இந்த அடிப்படையில் இயங்குவது. ஒருவர் சொல்ல, நடிகர்கள் அந்த இடத்திலேயே நடித்துக் காட்டி, கதையைச் சொன்னவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள்.

வன்முறையை மேடையில் காட்ட வேண்டுமா?

வேண்டாம். முன்னால் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் காட்டுங்கள். கன்னத்தில் விழும் அறையை எல்லோருக்கும் கற்பனை செய்யத் தெரியும். அறை விழுந்த மறுநாள் காலை அவர் வேலைக்குப் போக ஒப்பனை போட்டுக்கொள்வதைத்தான் பலரும் பார்த்ததில்லை.

இருட்டான சந்துகளையும் அந்நியனையும் மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியும் விடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். அதில் பெரும்பகுதியைச் செய்தவர் கணவரோ துணைவரோதான். முன்பின் தெரியாத, வேறு நிறத்தவனான ஒருவனே ஆபத்து என்று காட்டும் நாடகம், உண்மையையும் மறைக்கிறது, இனவெறிக்கும் எண்ணெய் ஊற்றுகிறது.

வேறு இனத்தவரின் வேடத்தில் நடிக்கலாமா?

முகத்துக்கு வண்ணம் பூசுவதும், பேச்சு வழக்கைக் கேலியாகப் பிடிப்பதும் கூடவே கூடாது. குழுவில் அந்த இனத்தவர் யாரும் இல்லையென்றால், அவர்கள் கதையை நீங்கள் ஏன் சொல்கிறீர்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்: பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டவரின் கதை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

கொடுமைக்காரன் வேடத்தில் நடிப்பவரையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒத்திகை முடிந்ததும் அவர் தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லட்டும், பாத்திரத்தின் சட்டையைக் கழற்றி வைக்கட்டும், மற்றவர்களோடு கைகுலுக்கட்டும். சிறு சடங்குதான். அதைச் செய்யாமல் விட்ட ஒரு வாரம், அந்த நடிகரோடு ஒரே வேனில் வீடு திரும்ப எங்கள் குழுப் பெண் ஒருவர் தயங்கினார். அந்த நடிகரும் காரணம் புரியாமல் உடைந்துபோனார்.

பொது இடத்தில், நாடகம் என்று சொல்லாமலே நடிக்கலாமா?

போவால் செய்திருக்கிறார். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத அரங்கு என்று பெயர். பாரிஸ் மெட்ரோ ரயிலில் ஒரு நடிகர் நடிகையைச் சீண்டினார். பிறகு இன்னொரு நடிகை ஓர் ஆண் நடிகரைச் சீண்டினார். இரண்டுக்கும் பயணிகள் காட்டிய வேறுபாட்டிலிருந்து பெட்டி முழுக்க விவாதம் எழுந்தது. துணிச்சலான முயற்சிதான். ஆனால் இந்தப் பொருளுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே தாக்குதலுக்கு ஆளான ஒருவர் இருக்கலாம். அவருக்கு அது நடிப்பல்ல. யாராவது காவல்துறையை அழைத்துவிட்டால், உங்கள் குழுவில் முதலில் தரையில் தள்ளப்படப்போவது யார் என்பதை அவருடைய தோல் நிறம் தீர்மானிக்கும்.

நாடகத்தின் நடுவே யாராவது அழுதால்?

அழட்டும். எழுந்து போகவும் திரும்பி வரவும் வழி இருக்க வேண்டும், அதனால் கதவருகே இடம் விட்டு வையுங்கள். என்ன பொருள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆலோசகர் ஒருவர் நிகழ்ச்சி முடியும் வரை அரங்கில் இருக்க வேண்டும், யார் அவர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

"எல்லா ஆண்களும் அப்படியல்ல" என்று ஒருவர் எழுந்து சொன்னால்?

மடக்காதீர்கள், விவாதிக்காதீர்கள். மேடைக்கு அழையுங்கள். "நீங்கள் அப்படியல்ல என்றால் இந்தக் காட்சியில் எங்கே நிற்பீர்கள்?" வந்தவர்களில் பலரும் முதலில் கதாநாயகனாகப் பாய்ந்து, நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டுத் திகைத்து நிற்பார்கள். அப்புறம் அந்தப் பெண் பாத்திரத்திடமே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வர எவ்வளவு நேரமானாலும் ஜோக்கர் காத்திருக்க வேண்டும்.

நாடகம் போடுபவர்களுக்கு ஆபத்து இல்லையா?

உண்டு. ஜன நாட்டிய மஞ்ச் என்ற டெல்லி வீதி நாடகக் குழு, பெண்களின் நிலையைப் பற்றி 'ஔரத்' என்ற நாடகத்தை 1979-லேயே போட்டது. அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி, 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் தொழிலாளர்கள் முன்னால் வேறொரு நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள்.

எல்லோரும் அந்த அளவுக்குத் துணிய வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அந்தப் பகுதியில் மதிக்கப்படுபவர்கள் இரண்டு பேராவது உங்களோடு நிற்கட்டும். முடிந்த பிறகு யாரும் தனியாக வீடு திரும்பக் கூடாது. கதையில் வரும் பெண்ணுக்காக இவ்வளவு யோசிக்கும் நாம், அவளாக நடிப்பவரை இரவு பத்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் தனியாக விட்டுவிட்டுப் போவது எந்த நியாயம்?

இதனால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறியிருக்கிறது. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோவின் நகரமன்ற உறுப்பினராக இருந்தார். நகரின் பல பகுதிகளில் குழுக்கள் நாடகம் போட்டன, பார்வையாளர்கள் மேடையேறிச் சொன்ன தீர்வுகள் குறித்துக்கொள்ளப்பட்டு மசோதாக்களாகி, 13 சட்டங்கள் நிறைவேறின. நகரமன்ற உறுப்பினர் உங்கள் குழுவில் இல்லாவிட்டாலும் அவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கலாம். பேருந்து நிறுத்தத்தை எங்கே மாற்ற வேண்டும், இரவில் நிறுத்தங்களுக்கு இடையிலும் இறங்க அனுமதிக்க வேண்டுமா, காப்பகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதெல்லாம் மேடையில் தெளிவாகவே வெளிவரும். ஒருவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும், மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று அதே கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டும். பல குழுக்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் குழுவில் ஆறு பேர்தான், யாருக்கும் நடிப்பு தெரியாது. எங்கே தொடங்குவது?

ஆறு பேர் தாராளம். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளுங்கள். ஒருவர் சிற்பி, மற்ற ஐவர் களிமண். சிற்பி வாய் பேசாமல், ஒவ்வொருவரின் கையையும் தோளையும் அவர்கள் அனுமதியோடு நகர்த்தி, 'இரவில் வீடு திரும்புதல்' என்ற சிலையைச் செய்யட்டும். எல்லோரும் அரை நிமிடம் அசையாமல் நிற்கட்டும். பிறகு சிற்பி தானும் உள்ளே போய், தன் இடம் எதுவோ அங்கே நிற்கட்டும். அடுத்தவர் சிற்பியாகட்டும். ஆறு சிலைகளும் முடிந்ததும் உட்கார்ந்து, எந்தச் சிலையில் யார் யாருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள் என்று மட்டும் பேசுங்கள். முதல் நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். யார் யாரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.